அது நெருப்பில்லையாம்

இங்கால வந்து இருங்கோ பிள்ளை. அந்தச் சீற்றில வெயில் நேர முகத்தில அடிக்கும். என்ன, கையைப் பார்த்திட்டோ யோசிக்கிறியள்? பயப்பிடாதையுங்கோ, இது தொத்துற வருத்தமில்லை. எரிஞ்ச கை. விரல் மூண்டும் ஒண்டா ஒட்டிப்போச்சு, அவ்வளவுதான். இந்தக் கையால சமைப்பன், விறகு கொத்துவன், ஆருக்கும் கன்னத்தில ஒண்டு குடுக்க வேணுமெண்டாலும் குடுப்பன். குடுக்கவேண்டிய ஆக்கள் கனபேர் இருக்கினம்.

நீங்கள் கனடாவோ? கதையில தெரியுது. எங்கட ஊர்ப் பேச்சுத்தான், எண்டாலும் கொஞ்சம் குளிர் பட்ட பேச்சு. சரி. உங்களுக்குச் சொன்னா விளங்கும். விளங்காட்டியும் பரவாயில்லை, நான் சொல்லத்தான் போறன். யாழ்ப்பாணத்தில பஸ் ஏறினதில இருந்து நெஞ்சுக்க வைச்சுக்கொண்டு வாறன்.

என்ர மகள் எனக்குச் செய்த வேலையைக் கேளுங்கோ.

எழில்நிலா அவளின்ர பேர். தேப்பன் வைச்ச பேர். தேப்பன் முதலே செல் குண்டு பட்டுப் போயிட்டார், அது வேற கதை. சண்டை முடியிற காலம், கடைசியா அந்தக் கடற்கரைக்குப் போய்ச் சேரேக்க நாங்கள் மூண்டு பேர். நான், எழில், சின்னவன் இனியன். எழிலுக்கு அப்ப ஒன்பது வயசு. சின்னவன் இப்பத்தான் ஓடப் பழகினவன். மணலில ஓடுவான், விழுவான், எழும்பி எங்களைப் பார்த்துக் கை தட்டுவான். நாங்களும் தட்டவேணும். தட்டாட்டி அழுவான்.

மத்தியானம் அது. தறப்பாள் கொட்டிலுக்குள்ள நான் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தனான். எழில் தம்பியை மடியில வைச்சிருந்தவள். மேல ஒரு சத்தம். பெரிய சத்தமில்லை. செல்லுக்குப் பழகின காதுக்கு அது ஒரு சத்தமே இல்லை. வாசலால எட்டிப் பார்க்கிறன், வானத்தில வெள்ளை வெள்ளையாப் புகை, வால் வாலா இறங்குது. வடிவாக் கிடந்தது பிள்ளை. அதுதான் எனக்கு இண்டைக்கும் பொறுக்கேலாது. அது வடிவாக் கிடந்தது. எழில் சொன்னாள், "அம்மா, பூவாணம்" எண்டு.

தறப்பாளைப் பொத்துக்கொண்டு விழுந்துது. அவனுக்கு நெஞ்சில. அவளுக்குக் கழுத்தில, தோளில, கமக்கட்டில, முதுகில. சின்னச் சின்னத் துண்டு. மெழுகு மாதிரி. தட்டினா விழாது, ஒட்டும். நான் கையால பிடுங்கினன். பிடுங்கினது என்ர கையில ஒட்டிச்சுது. குடிக்க வைச்சிருந்த தண்ணி முழுக்க ஊத்தினன். நிண்டுது. "அப்பாடா, நெருப்பு நூந்திட்டுது" எண்டு நினைச்சன். எல்லா இடமும் ஒரே உள்ளி மணம். பச்சை வெள்ளைப்பூட்டை நசிச்சா வருமே, அந்த மணம். இண்டைக்கும் என்ர வீட்டில உள்ளி வாங்கிறேல்லை. ரசத்துக்கும் போடுறேல்லை.

ஈரச் சீலையில ரெண்டு பிள்ளையளையும் சுத்தி, பள்ளிக்கூடத்தில வைச்சிருந்த ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினன். அங்க நிலத்தில கூட இடமில்லை. காத்திருந்து காத்திருந்து சீலை காஞ்சுபோச்சு. மருந்து கட்டுற பெடியன் வந்து சின்னவன்ர நெஞ்சில கிடந்த சீலையை மெல்லமா எடுத்தான். எடுக்க, புகை வருது. பிள்ளையின்ர நெஞ்சுக்குள்ள இருந்து. தணலுக்கு ஊதினா எப்பிடிப் பத்தும், காத்துப் பட்டதும் அப்பிடித் திரும்பப் பத்துது. அந்தப் பெடியன் எத்தினை காயம் பார்த்திருப்பான்! அவன் பின்னால போய்ச் சுவரில சாஞ்சிட்டான்.

இனியன் அடுத்த நாள் போயிட்டான். மணலில ஒரு கிடங்கு வெட்டித் தாட்டம். பக்கத்தில தலை எரிஞ்ச பனை ஒண்டு நிண்டுது. அடையாளம் வைச்சன். அண்டைக்கே அங்கயிருந்து ஓடவேண்டி வந்திட்டுது. பிறகு அங்க போகேக்க எல்லாப் பனையும் தலை எரிஞ்சுதான் நிண்டுது.

ஆர் அடிச்சது எண்டு கேக்கிறியள். ஆளுக்காள் கையைக் காட்டுவினம் பிள்ளை. அப்பிடி ஒண்டும் அடிக்கேல்லை எண்டும் சொல்லுவினம். சண்டை முடிஞ்சு நாங்கள் இருந்த முகாமில எங்களைப் பார்க்க வந்த ஒருத்தர் என்ர கையைப் பார்த்திட்டுக் கேட்டார், "மண்ணெண்ணெய் அடுப்பு வெடிச்சதோ?" எண்டு. மண்ணெண்ணெயைக் கண்ணால கண்டு எத்தினை மாதம் அப்ப! கத்தினன் பாருங்கோ ஒரு கத்து. முகாமே எழும்பி வந்திட்டுது.

அண்டைக்குத்தான் நான் முடிவெடுத்தது. இதை நான் விடமாட்டன். என்ர பிள்ளைக்கு ஒரு படமில்லை, ஒரு கல்லில்லை. அவன் பிறந்ததுக்கு இருந்த அத்தாட்சியும் ஓட்டத்தில போயிட்டுது. இப்பிடி ஒரு பிள்ளை இருந்தவன், அவனை இப்பிடித்தான் எரிச்சவை எண்டு சொல்ல என்ன இருக்கு? எழிலின்ர தோல் இருக்கு. ஒரே நெருப்பு, ஒரே நேரம், ஒரே மடி. அவனுக்கு அவள்தான் சாட்சி. நான் சொல்லுறது பிழையோ? சொல்லுங்கோ.

பிறகு ஆக்கள் வரத் தொடங்கிச்சினம். லண்டனில இருந்து சுகந்தன் எண்டொரு தம்பி. எங்களைப் போல எரிஞ்ச ஆக்களின்ர கதையைச் சேர்த்து, வெளிநாட்டுக் கூட்டங்களில காட்டுறவர். நல்ல பிள்ளை. மரியாதையா "அக்கா, அக்கா" எண்டுதான் கதைப்பார். அவர் ஆக்களைக் கூட்டிக்கொண்டு வருவார். வெள்ளைக்காரர், கமராக்காரர். நான் எழிலைக் கூப்பிட்டுச் சட்டையை இறக்கிக் காட்டுவன். பத்து வயசிலயும் காட்டினவள், பதின்மூண்டு வயசிலயும் காட்டினவள், பெரியபிள்ளை ஆன பிறகும் காட்டினவள். ஒரு நாள் மாட்டன் எண்டு சொன்னதில்லை. அவ்வளவு அமைதியான பிள்ளை. சுவரைப் பார்த்துக்கொண்டு வாய்க்குள்ள வாய்ப்பாடு சொல்லிக்கொண்டு நிப்பாள். ஏழாம் வாய்ப்பாடு. அது முடிய எட்டாம் வாய்ப்பாடு. கமராக்காரர் "இன்னும் கொஞ்சம் முதுகைத் திருப்பச் சொல்லுங்கோ" எண்டா நான் திருப்பி விடுவன். படிப்பில கெட்டிக்காரி, அந்த நேரத்தையும் வீணாக்கமாட்டாள் எண்டு நான் எல்லாருக்கும் பெருமையாச் சொல்லுறனான்.

போன வருசம் சுகந்தன் ஆக்கள் எங்களை ஜெனீவாவுக்குக் கூட்டிக்கொண்டு போச்சினம். நான் பிளேனில ஏறினது அதுதான் முதல் தரம். பெரிய கட்டடம். அதுக்குள்ள ஒரு சின்ன அறை. நீட்டு மேசை, தண்ணிப் போத்தில், பிஸ்கட். நாலைஞ்சு நாட்டுப் பிரதிநிதியள் வந்திருந்தவை. நெருப்பாயுதங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்யிற ஒரு அம்மா, நரைச்ச தலை, வடிவா விளங்கப்படுத்தினவ. எழில்தான் எனக்குத் தமிழில சொன்னவள்.

அந்தக் காலத்திலயே கப்பலில இருந்து நெருப்பைப் பீச்சி அடிச்சவையாம், தண்ணிக்கு மேலயும் எரியுற நெருப்பு. பிறகு ஒரு பல்கலைக்கழகத்தில படிச்ச ஆக்கள் இருந்து யோசிச்சு, பெற்றோலைப் பசை மாதிரி ஆக்கினவையாம். ஏனெண்டு கேளுங்கோ. ஒட்டுறதுக்கு! சும்மா எரிஞ்சாப் போதாது, ஒட்டவேணும் எண்டு ஒரு மனிசன் மேசையில இருந்து யோசிச்சிருக்கிறான் பிள்ளை. பின்னேரம் வீட்டை போய்ப் பிள்ளையளோட இருந்து சாப்பிட்டும் இருப்பான். பிறகு ஜப்பான்காரரின்ர வீடு எப்பிடி எரியும் எண்டு பார்க்க, ஒரு பாலைவனத்தில அவையின்ர வீடு மாதிரியே வீடு கட்டி, உள்ளுக்கப் பாயெல்லாம் விரிச்சு, எரிச்சுப் பார்த்தவையாம். பார்த்துப்போட்டுத்தான் டோக்கியோவில போட்டவை. ஒரே இரவில லட்சம் சனம் வரைக்கும். பிறகு கொரியா. பிறகு வியட்நாம். அந்த அம்மா ஒவ்வொரு படமாப் போடுறா. எல்லாப் படத்திலயும் எனக்கு என்ர கொட்டில்தான் தெரியுது.

"இப்பிடி எரிக்கக் கூடாதெண்டு ஒரு சட்டமும் இல்லையோ?" எண்டு நான் கேட்டன். இருக்காம். ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பதில நாடுகள் கூடி ஒரு ஒப்பந்தம் செய்தவையாம். எனக்குச் சந்தோசம். அப்ப பிறகென்ன எண்டு நினைச்சன். அந்த அம்மா தலையை ஆட்டினா. அதில ஒரு ஓட்டை இருக்காம்.

அப்ப எதிரில இருந்த ஒரு பிரதிநிதி கதைச்சார். நல்ல கோட்டு, மெல்லிய குரல். பிஸ்கட்டைத் தேத்தண்ணியில தோய்ச்சுக்கொண்டே கன நேரம் கதைச்சார். எழில் அதைத் தமிழில சொல்லேல்லை.

"என்னவாம் பிள்ளை? சொல்லன்."

"பிறகு சொல்லுறன் அம்மா."

"இப்ப சொல்லு."

"புகை கிளப்புறதுக்கு, வெளிச்சம் காட்டுறதுக்கு எண்டு செய்த குண்டை அந்த ஒப்பந்தம் நெருப்பாயுதம் எண்டு எடுக்கிறேல்லையாம். அது தற்செயலா ஆளை எரிச்சாலும் கணக்கில வராதாம்." அவள் என்ர முகத்தைப் பார்க்கேல்லை. "எங்களை எரிச்சது நெருப்பில்லையாம் அம்மா."

எழும்பினன். கதிரை பின்னால விழுந்துது. எழிலின்ர கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு அந்த மனிசனுக்கு முன்னால போய் நிண்டு, அவளின்ர சட்டையைத் தோளால இழுத்து விட்டன். "பார்! புகையோ இது? வெளிச்சமோ இது? இவளின்ர தம்பிக்கு நெஞ்சுக்குள்ள பத்தினது என்ன, விளக்கோ?" எண்டு கேட்டன். தமிழிலதான். அவருக்கு விளங்கியிருக்கும். பிஸ்கட் தேத்தண்ணிக்குள்ள விழுந்திட்டுது.  சுகந்தன் படம் எடுத்துக்கொண்டு நிண்டவர். சட்டை பூட்டுற தெறி ரெண்டு அறுந்துபோச்சு. எழில் குனிஞ்சு மேசைக்குக் கீழ அதைத் தேடிக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில தெறியைத் தேடுறாள், பாருங்கோ! எனக்கு ஆத்திரம்.

வந்து கொஞ்ச நாளில அவள் யாழ்ப்பாணத்தில வேலை எடுத்துக்கொண்டு போயிட்டாள். கொம்பியூட்டர் வேலை. போனில கதைப்பாள், குறைச்சலாத்தான். போன மாதம் ஒரு நாள் சொல்லுறாள், "அம்மா, ஒப்பரேசன் செய்யப்போறன். இறுகின தோலை வெட்டி எடுத்துப்போட்டுத் துடையில இருந்து வேற தோல் வைப்பினமாம். கழுத்துத் திரும்புமாம், கை தலைக்கு மேல வருமாம்."

 "வெட்டி எடுத்தாப் பிறகு எதைக் காட்டுறது?" எண்டு கேட்டன்.

அவள் போனை வைச்சிட்டாள்.

ஆரோ பெடியன் பின்னால நிக்கிறான், அவனுக்காகத்தான் அழகு பார்க்கிறாள் எண்டு நினைச்சன். விசாரிச்சுப் பார்த்தன், பெடியனுமில்லை ஒருத்தனுமில்லை. சுகந்தனுக்கு எடுத்துச் சொன்னன். "அக்கா, முதல் எல்லாப் பக்கத்தாலயும் ஒருக்கா வடிவாப் படம் எடுத்து வைப்பம். நான் ஆள் அனுப்புறன்" எண்டார். அந்த ஆளையும் கூட்டிக்கொண்டு நேர ஆஸ்பத்திரிக்குப் போனன்.

கட்டிலில இருந்தாள். கமராவைக் கண்டதும் போர்வையைக் கழுத்து வரைக்கும் இழுத்தாள். "இவரைப் போகச் சொல்லுங்கோ."

"கடைசித் தரம், பிள்ளை."

"கடைசித் தரம் ஜெனீவாவில முடிஞ்சுது."

"உன்ர உடம்பு உனக்கு மட்டும் சொந்தமெண்டு நினைச்சியோ? உன்ர தம்பிக்கு வேற என்ன இருக்கு இந்த உலகத்தில?" நான் கத்தினதில வார்டே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும்.

அவள் கத்தேல்லை. கத்தியிருந்தா எனக்குச் சுகம். "அம்மா, எனக்கு என்ர கையால சீப்புப் பிடிச்சுத் தலை இழுக்கவேணும்" எண்டாள். "ஒன்பது வயசில இருந்து நீங்கள்தான் இழுத்து விடுறியள். இப்ப அறையில இருக்கிற பிள்ளையளிட்டக் கெஞ்சுறன். அவ்வளவுதான். எனக்கு வேற ஒண்டும் வேண்டாம்."

தலை இழுக்கவாம்! கட்டையா வெட்டலாமே? எத்தினை பெண் பிள்ளையள் வெட்டிக்கொண்டு திரியுதுகள்.

டொக்டரிட்டப் போனன். இளம் பிள்ளை. "தாய் நான், எனக்குச் சம்மதமில்லை" எண்டன். "மகளுக்கு வயசு இருக்கு அம்மா, அவவின்ர சம்மதம் போதும்" எண்டு சொல்லிப்போட்டா. அப்ப கேட்டன், "வெட்டுற தோலை என்ன செய்வியள்?" பக்கத்தில நிண்ட நேர்ஸ் வாய் தவறிச் சொல்லிட்டாள், "அது குப்பையோடதான் போகும்" எண்டு.

குப்பை. என்ர பிள்ளையின்ர சாட்சி குப்பையோட போகுமாம்.

"எனக்குத் தாங்கோ. போத்திலில போட்டு எனக்குத் தாங்கோ. நான் கொண்டுபோறன்" எண்டன்.  எனக்குப் பின்னால எழிலின்ர குரல் கேட்டுது. எழும்பி வந்து கதவடியில நிண்டிருக்கிறாள்.

"குடுங்கோ டொக்டர். அம்மாவுக்குக் குடுங்கோ. அதுதான் அம்மாவின்ர பிள்ளை."

எப்பிடிக் கதைக்கிறாள் பாருங்கோ! இந்தக் கை எரிய எரிய ஆர் பிடுங்கினது? அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு செல்லுக்குள்ளால ஆர் ஓடினது? பெத்த தாயைப் பார்த்து அப்பிடியோ சொல்லுறது?

ஒப்பரேசன் முடியக் குடுத்தவை. வாய் அகலமான போத்தில், மருந்துத் தண்ணி, அதுக்குள்ள சுருண்டு கிடக்கு. ஒரு வெத்திலை அளவு துண்டு, ரெண்டு மூண்டு சின்னத் துண்டு. அதை மடியில வைச்சுக்கொண்டு வெளியில கிடந்த வாங்கில குந்திச் சுகந்தனுக்குப் போன் எடுத்தன். "தம்பி, அத்தாட்சி கையில கிடக்கு. எந்த இடத்துக்கு அனுப்பிச் சோதிக்கிறது எண்டு சொல்லும்" எண்டன்.

அவர் சொன்னார், "அக்கா, இத்தினை வருசத்துக்குப் பிறகு அதில அந்தக் குண்டுக்க இருந்த மருந்து ஒண்டும் மிஞ்சியிராது. எரிஞ்ச தோல் எல்லாம் சோதனையில ஒரே மாதிரித்தான் இருக்கும். அடுப்போ குண்டோ எண்டு அதை வைச்சுச் சொல்லேலாது."

"அப்ப இவ்வளவு காலமும் என்னத்துக்குப் படம் எடுத்தனீர்?"

"அது… சனம் பார்க்கவேணும் எண்டதுக்கு."

சனம் பார்க்கவேணுமாம். எத்தினை தரம் அந்தப் பிள்ளையின்ர சட்டையை இறக்கினன்! எத்தினை பேர் பார்த்தவை! பார்த்து என்ன செய்தவை? நான் அவரைப் பேசின பேச்சைத் திருப்பிச் சொல்லேலாது, பஸ்ஸில சின்னப் பிள்ளையள் இருக்குதுகள். போனை நிப்பாட்டிப்போட்டன். இன்னும் போடேல்லை. சுகந்தன் ஒண்டு ரெண்டு தரம் எழிலின்ர போனுக்கு எடுத்தவராம். அவள் கதைச்சுப்போட்டு வைச்சவளாம். என்ன கதைச்சவள் எண்டு எனக்குச் சொல்லேல்லை.

பிறகு நான் அவளோடதான் நிண்டன். எண்டாலும் தாய் எல்லே. சோறு குழைச்சு ஊட்டினன், அவள் வாங்கினாள்.  கட்டு அவிழ்க்கிற அண்டைக்கு நான் வெளியில போய் நிண்டிட்டன். ஏனோ உள்ளுக்க நிக்க மனம் வரேல்லை. டொக்டர் வந்து "எல்லாம் நல்லாப் பிடிச்சிருக்கு அம்மா" எண்டு சொன்ன பிறகுதான் போனன். அவள் இருக்கிற அறைக்குக் கூட்டிக்கொண்டு வந்து, கை பயிற்சியெல்லாம் செய்விச்சு, இண்டைக்குக் காலமை வெளிக்கிட்டன்.

நான் சீலை உடுத்திக்கொண்டு நிக்கிறன், இவள் கண்ணாடிக்கு முன்னால இருந்து சீப்பை எடுத்தாள்.  கை காது வரைக்கும் வந்து நிண்டுது. கொஞ்சம் பொறுத்து இன்னும் மேல. நெத்தியெல்லாம் வேர்வை. நான் போய்ச் சீப்பைப் பிடிக்கப் பார்த்தன். "விடுங்கோ அம்மா" எண்டாள். விட்டன். எவ்வளவு நேரம் இழுத்தாளோ தெரியாது, வரவேண்டிய பஸ் போயிட்டுது. அதுதான் இந்தப் பஸ்ஸில வாறன். உச்சி பிரிச்சாள் பாருங்கோ, ஆறு ஓடின மாதிரிக் கோணல். "உச்சி கோணல் பிள்ளை" எண்டன். திரும்பிச் சிரிச்சாள். கழுத்து முழுக்கத் திரும்பிச்சுது. அவள் அப்பிடித் திரும்பி நான் கண்டதில்லை, அந்தக் கொட்டிலுக்குப் பிறகு.

கோவம் போகேல்லை எனக்கு. போகாது. நீங்கள் அப்பிடி நினைச்சுக்கொண்டு இறங்காதையுங்கோ. அவளிலயும் கோவம்தான். அதுதான் அம்மாவின்ர பிள்ளை எண்டு சொல்லிப்போட்டாள் எல்லோ, அதை நான் மறக்கமாட்டன். அந்தப் பிஸ்கட்காரனிலயும் கோவம், ஒட்டவேணும் எண்டு யோசிச்சவனிலயும் கோவம், புகை எண்டு பேர் வைச்சவங்களிலயும் கோவம். கனடாவில உங்கட ஆக்களிட்டச் சொல்லுங்கோ, அது நெருப்புத்தான் எண்டு. படம் கேட்டா இல்லையெண்டு சொல்லுங்கோ. நான் சொன்னனான் எண்டு சொன்னாப் போதும்.

என்ர ஊரோ? அது எப்பவோ போயிட்டுது. நான் அந்தக் கடற்கரை வரைக்கும் போறன். போத்தில் பைக்குள்ள கிடக்கு. வீட்டில வைச்சு என்ன செய்யிறது? குப்பையிலயும் போடேலாது. எந்தப் பனை எண்டு தெரியாது, ஏதோ ஒரு பனையடியில தாட்டுப்போட்டு வருவன். அவனும் எத்தினை வருசமாத் தனியக் கிடக்கிறான். அக்காவின்ர துண்டெண்டாலும் பக்கத்தில கிடக்கட்டும்.

அழேல்லை பிள்ளை, இந்தக் கண் இப்பிடித்தான், புகை பட்டதில இருந்து. வழி விடுங்கோ. தம்பி, இறக்கம்! கொஞ்சம் முன்னால, அந்த மதகடியில நிப்பாட்டும். மெல்லமா நிப்பாட்டும் தம்பி, கையில பிள்ளை இருக்கு.